செரெங்கெட்டியில் ஒரு நாள்: வெயில் போடும் கால அட்டவணை



விலங்குத் தோட்டத்திற்குச் சென்றால் நுழைவாயிலிலேயே ஒரு கால அட்டவணையைப் பார்க்கலாம். யானைக்கு எத்தனை மணிக்கு உணவு, கடற்சிங்கக் காட்சி எப்போது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். ஆப்பிரிக்கப் புல்வெளியில் அப்படி எந்தப் பலகையும் கிடையாது. ஆனாலும் அங்கே விலங்குகளைக் காட்ட அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளில் பெரும்பாலோர் ஒரே நேரத்தைத்தான் சொல்கிறார்கள். விடியும் முன்பே எழுப்பிவிடுகிறார்கள். நண்பகலில் ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள். மாலை 4 மணி வாக்கில் மீண்டும் வண்டியில் ஏற்றுகிறார்கள். ஏன்?

"மதிய வெயில் பயணிகளுக்குத் தாங்காது" என்று நீங்கள் சொல்லக்கூடும். அது பாதி விடைதான். வெயில் விலங்குகளுக்கும் ஒரு சிக்கல். உடல் அளவுக்கு மீறிச் சூடாகக் கூடாது. அதே வேளையில், சூட்டைத் தணிக்கிறோம் என்று உடலிலுள்ள நீரையும் வீணாக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு விலங்கும் தனக்கென ஒரு வழி வைத்திருக்கிறது. அதுதான் எந்த விலங்கை எந்த நேரத்தில் பார்க்கலாம் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இன்று தான்சானியா நாட்டின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் ஒரு முழு நாளைக் கழிப்போம். இது ஆகஸ்ட் மாதம், வறண்ட காலம். பார்க்கும் ஒவ்வொரு விலங்கிடமும் ஒரே கேள்வியைக் கேட்போம்: "இந்தச் சூட்டை நீ எப்படிச் சமாளிக்கிறாய்?" மாலையில் ஒரு விலங்கு நாம் எதிர்பாராத பதிலைச் சொல்லும். அந்தப் பதிலில் நமக்கும் பங்கு உண்டு.

புறப்படும் முன்

"சஃபாரி" என்பது சுவாஹிலி மொழிச் சொல். பயணம் என்பது அதன் பொருள். பயணத்தைக் குறிக்கும் "சஃபர்" என்ற அரபுச் சொல்லிலிருந்து அது வந்தது. மலாய் மொழியில் பயணியை "முசாஃபிர்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் ஒரே வேர்.

செரெங்கெட்டி 1951ஆம் ஆண்டு தேசியப் பூங்கா ஆனது. 1981இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. பரப்பளவு 14,763 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு! முடிவில்லாத சமவெளி என்று பொருள்படும் மசாய் மொழிச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. அங்கே மாடு மேய்த்து வாழ்ந்த மசாய் மக்கள் 1959இல் பூங்கா எல்லைக்கு வெளியே, அருகிலுள்ள ங்கோரோங்கோரோ பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் நிலம் என்று நாம் நினைக்கும் இடத்தில் பெரும்பாலும் யாராவது வாழ்ந்திருப்பார்கள்.

காலை 6 மணி: குளிரில் தொடங்கும் நாள்

பூங்காவின் நடுவே உள்ள செரொனெரா பகுதியில் முகாமிலிருந்து வெளியே வருகிறீர்கள். பற்கள் கிட்டிக்கின்றன. வெப்பநிலை சுமார் 15 டிகிரி செல்சியஸ்தான். வியப்பாக இருக்கிறதா? செரெங்கெட்டி பூமத்தியரேகைக்குத் தெற்கே இரண்டு, மூன்று டிகிரி தொலைவில்தான் இருக்கிறது. கோலாலம்பூர் வடக்கே மூன்று டிகிரியில் இருக்கிறது. நமக்கு வியர்க்கும்போது அங்கே ஏன் குளிர்கிறது?

முதல் காரணம் உயரம். செரொனெரா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேமரன் மலையின் தானா ராத்தா நகரமும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். அப்படியானால் 1,500 மீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி குறைகிறது.

இரண்டாவது காரணம் ஈரப்பதம். காற்றிலுள்ள நீராவியும் மேகமும் இரவில் ஒரு போர்வையைப் போல் தரையின் வெப்பத்தைப் பிடித்துவைக்கின்றன. நம் ஊரில் அந்தப் போர்வை தடிமனானது. வறண்ட காலச் செரெங்கெட்டியில் அது மெல்லியது. அதனால் பகலில் தரை வாங்கிய வெப்பம் இரவில் வேகமாக வானத்திற்குப் போய்விடுகிறது.

வண்டி புறப்பட்டுச் சிறிது நேரத்தில் சாலையோரம் ஒரு கழுதைப்புலி ஓடுகிறது. வயிறு உப்பியிருக்கிறது, வாயோரம் இரத்தக் கறை. "சிங்கம் விட்டுச்சென்ற எச்சிலைத் தின்றிருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். 1960களில் ஹான்ஸ் குரூக் என்ற ஆய்வாளர் செரெங்கெட்டியிலும் ங்கோரோங்கோரோவிலும் இரவு முழுவதும் கழுதைப்புலிகளைப் பின்தொடர்ந்தார். அவை தங்கள் உணவில் பெரும்பகுதியைத் தாங்களே வேட்டையாடிப் பெறுகின்றன என்பதை அவர் கண்டார். ங்கோரோங்கோரோவில் கழுதைப்புலி கொன்ற இரையைச் சிங்கம் பறித்துக்கொள்வதும் சாதாரணமாக நடந்தது. பகலில் வந்து பார்த்தவர்களுக்குச் சிங்கம் தின்பதும் கழுதைப்புலி ஓரமாகக் காத்திருப்பதும் மட்டுமே தெரிந்தன. இரவில் யார் வேட்டையாடினார் என்பது தெரியவில்லை. எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பது, நாம் எடுக்கும் முடிவையே மாற்றிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் மீண்டும் தேவைப்படும்.

காலை 7.30 மணி: பிடரி மயிரின் விலை

புல்வெளியின் நடுவே தீவுகளைப் போல் பெரிய கருங்கல் பாறைக் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. அங்கே அவற்றைக் "கோப்பியே" என்பார்கள். அவற்றில் ஒன்றின் மீது சிங்கக் கூட்டம் படுத்திருக்கிறது. இளவெயில் இதமாக இருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அவை நிழலைத் தேடிப் போய்விடும். சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை ஓய்வில் கழிக்கக்கூடிய விலங்கு. அது பெரும்பாலும் இரவின் குளிர்ச்சியிலும் இருட்டிலும்தான் வேட்டையாடும்.

கூட்டத்திலுள்ள ஆண் சிங்கத்தின் பிடரி மயிரைப் பாருங்கள். சிலவற்றுக்கு அது வெளிர் மஞ்சளாக இருக்கும். சிலவற்றுக்குக் கருமையாக இருக்கும். செரெங்கெட்டியில் 1966 முதல் சிங்கங்கள் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகின்றன. பெய்டன் வெஸ்ட், கிரெய்க் பாக்கர் ஆகிய ஆய்வாளர்கள் வெப்பத்தைப் படமெடுக்கும் கருவியால் சிங்கங்களைப் படம்பிடித்தார்கள். கருமையான பிடரி கொண்ட சிங்கங்களின் உடல் அதிகச் சூடாக இருந்தது.

அப்படியானால் கரும்பிடரி ஏன் மறைந்துபோகவில்லை? அவர்கள் உண்மையான சிங்கத்தின் அளவிலேயே பொம்மைச் சிங்கங்களைச் செய்து, வெவ்வேறு நிறப் பிடரிகளைப் பொருத்திக் காட்டில் வைத்தார்கள். பெண் சிங்கங்கள் கரும்பிடரிப் பொம்மையை நாடின. ஆண் சிங்கங்களோ அதை நெருங்கத் தயங்கின. நன்றாக உண்டு வலிமையாக இருக்கும் சிங்கத்தால்தான் அந்தக் கூடுதல் சூட்டைத் தாங்க முடியும். ஆகவே கரும்பிடரி அதன் வலிமைக்கு ஓர் அடையாளம் ஆகிறது. இந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. பரிணாமத்தில் எந்த நன்மையும் இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

காலை 9.30 மணி: கழுகுகள் ஏன் தாமதமாக எழுகின்றன?

விடிந்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. பிணந்தின்னிக் கழுகுகள் இப்போதுதான் மரங்களை விட்டுக் கிளம்புகின்றன. அவை சோம்பேறிகள் அல்ல. கனமான உடலைத் தூக்கிக்கொண்டு சிறகடித்துப் பறந்தால் சக்தி வீணாகும். அதனால் தரை சூடாகும்வரை காத்திருக்கின்றன.

சூடான தரை தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று விரிவடைகிறது, அடர்த்தி குறைகிறது, மேலே எழுகிறது. இதுதான் நீங்கள் பாடத்தில் படித்த வெப்பச் சலனம். கழுகுகள் அந்த மேலெழும் காற்றுத் தூணுக்குள் புகுந்து, இறக்கைகளை விரித்தபடி வட்டமிட்டு, மின்தூக்கியில் ஏறுவதைப் போல் உயருகின்றன. பிறகு அடுத்த காற்றுத் தூணை நோக்கிச் சறுக்கிச் செல்கின்றன. சிறகு அசையாமல் பல கிலோமீட்டர் கடந்துவிடும். ரூப்பெல் கழுகு என்ற இனம் இந்த வட்டாரத்தில் வாழ்கிறது. 1973இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் வான்பரப்பில் அந்த இனப் பறவை ஒன்று, சுமார் 11,300 மீட்டர் உயரத்தில் பறந்த விமானத்தில் மோதியது. பறவை பறந்ததாகப் பதிவான மிக அதிக உயரம் அதுதான்.

வெயில் எல்லாருக்கும் பகையல்ல என்பது இப்போது புரிகிறதா? சிங்கம் ஓய்வுக்குப் போகும் நேரம், கழுகு வேலைக்குக் கிளம்பும் நேரம்.

நண்பகல்: நிழலில் நடக்கும் கணக்குப் பாடம்

வெப்பநிலை 27, 28 டிகிரியைத் தொட்டுவிட்டது. காற்றில் அளந்தால்தான் அந்த அளவு. வெயில் நேராகப் படும் தரை அதைவிட மிகவும் சூடு. புல்வெளி காலியாகத் தெரிகிறது. குடை போல் விரிந்த வேல மரங்களின் அடியில் பாருங்கள். எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஓர் உடல் வெப்பத்தை வெளியேற்ற நான்கு வழிகள் உண்டு: வெப்பக் கதிர்வீச்சு, வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், ஆவியாதல். நான்கும் உடலின் மேற்பரப்பில்தான் நடக்கின்றன. ஆனால் வெப்பம் உருவாவது உடலின் உள்ளே, அதன் கன அளவு முழுவதிலும். எனவே மேற்பரப்புக்கும் கன அளவுக்கும் உள்ள விகிதம் முக்கியமாகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 1 சென்டிமீட்டர் பக்கம் கொண்ட கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். கன அளவு 1 கன சென்டிமீட்டர். விகிதம் 6. இப்போது பக்கத்தை 10 சென்டிமீட்டர் ஆக்குங்கள். மேற்பரப்பு 600; கன அளவு 1,000. விகிதம் 0.6 மட்டுமே. உருவம் பெரிதாகும்போது, ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் கிடைக்கும் "சன்னல்" சிறிதாகிவிடுகிறது.

சில டன் எடையுள்ள யானைக்கு இது பெரிய சிக்கல். அதற்கு நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்க்கவும் செய்யாது. அதற்கு விடையாக இருப்பவை காதுகள். ஆப்பிரிக்க யானையின் காது மெல்லியது, அகன்றது, உள்ளே இரத்தக் குழாய்கள் வலைபோல் பரவியிருக்கின்றன. சூடான இரத்தம் அந்த மெல்லிய பரப்பின் வழியே ஓடும்போது வெப்பத்தை இழக்கிறது. காதை வீசினால் இன்னும் வேகமாகக் குளிரும். நம் தாமான் நெகாரா காடுகளில் வாழும் ஆசிய யானையின் காது இதைவிடச் சிறியது. அது அடர்ந்த காட்டு நிழலில் வாழ்வதை அதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

யானைத் தோலின் சுருக்கங்களும் வீணல்ல. ஆப்பிரிக்க யானையின் தோலில் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் பின்னல் போல் ஓடுகின்றன. தட்டையான தோலைவிட 5 முதல் 10 மடங்கு அதிக நீரை அவை பிடித்துவைக்கும் என்று 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. யானை குளித்து, சேறு பூசிக்கொண்டால், அந்த நீர் மெதுவாக ஆவியாகி நெடுநேரம் உடலைக் குளிர்விக்கிறது. தன் உடலுக்குள் இருக்கும் நீரைச் செலவிடாமல் ஆற்று நீரைக் கொண்டு வியர்ப்பது போன்ற ஏற்பாடு அது.

அதோ, தாம்சன் கெசல் என்னும் சிறிய மான்கள். அவற்றின் தந்திரம் தலைக்குள் இருக்கிறது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி, மூளையின் அடியில் நுண்ணிய குழாய்களாகப் பிரிந்து ஒரு வலை போல் ஆகிறது. மூக்கிலிருந்து குளிர்ந்து திரும்பும் இரத்தம் அந்த வலையைச் சூழ்ந்து ஓடுகிறது. சூடான இரத்தம் தன் வெப்பத்தைக் குளிர்ந்த இரத்தத்திற்குக் கொடுத்துவிட்டு மூளைக்குள் போகிறது. ஓடும் கெசலின் மூளை அதன் உடலைவிட 2 டிகிரிக்கும் மேல் குளிர்ச்சியாக இருந்ததை 1970களில் அளந்தார்கள். மூளையைக் காப்பாற்றவே இந்த ஏற்பாடு என்று முதலில் எண்ணினார்கள். இன்று வேறொரு பயனையும் வலியுறுத்துகிறார்கள். வெப்பத்தை உணரும் பகுதி மூளையில்தான் இருக்கிறது. அது குளிர்ச்சியாக இருந்தால், "இன்னும் வியர், இன்னும் மூச்சிரை" என்ற கட்டளை குறைகிறது. நீர் மிச்சமாகிறது. மனிதர்களாகிய நமக்கு இந்தத் தமனி வலை கிடையாது.

குனிந்து தரையைப் பார்த்தால் ஒரு சாணவண்டு உருண்டையைத் தள்ளிக்கொண்டு போவதைக் காணலாம். தென்னாப்பிரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வு உங்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும். தரை கொதிக்கும் வேளையில் சாணவண்டுகள் அடிக்கடி தங்கள் உருண்டையின் மேல் ஏறி நிற்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். ஈரமான சாண உருண்டை, ஆவியாதலால் தரையைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது. சூடான கால்களை ஆற்றவே ஏறுகிறதா? சோதிக்க, வண்டின் முன்கால்களுக்குச் சிலிக்கோனால் சிறிய காலணி போட்டுவிட்டார்கள்! காலணி போட்ட வண்டுகள் உருண்டையில் ஏறுவது குறைந்தது. ஐயம் தீர்ந்தது. நல்ல அறிவியல் சோதனை என்பது விலை உயர்ந்த கருவியால் மட்டும் வருவதில்லை. சரியான கேள்வியால் வருகிறது.

மாலை 4 மணி: சிவிங்கிப்புலி சொல்லும் பதில்

வெயில் சாய்கிறது. ஒரு கறையான் புற்றின் மேல் மெலிந்த உருவம் ஒன்று நின்று தொலைவைப் பார்க்கிறது. கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர்க் கோடு போல் ஒரு கறுப்புக் கோடு. இது சீத்தா எனப்படும் சிவிங்கிப்புலி. சிறுத்தைக்கு அந்தக் கோடு இருக்காது. அதன் உடலும் இதைவிடத் தடித்தது. சிவிங்கிப்புலி தரையில் ஓடும் விலங்குகளில் வேகமானது. போட்ஸ்வானாவில் காட்டுச் சிவிங்கிப்புலிகளின் கழுத்தில் கருவி பொருத்தி அளந்தபோது, வேட்டையில் மணிக்கு 93 கிலோமீட்டர் வேகம் பதிவானது.

ஆனால் துரத்தல் நெடுநேரம் நீடிப்பதில்லை. ஒரு நிமிடத்திற்குள் பிடித்துவிடும், அல்லது நின்றுவிடும். ஏன் நிற்கிறது? இன்று நாம் பார்த்த எல்லாவற்றையும் வைத்து நீங்கள் உடனே சொல்வீர்கள்: "உடல் சூடேறிவிடும்!" பல ஆண்டுகள் பாடநூல்களும் அப்படித்தான் சொல்லின. 1973இல் அமெரிக்காவில் டெய்லர், ரௌன்ட்ரீ என்ற இருவர் வளர்ப்புச் சிவிங்கிப்புலிகளை ஓடுபொறியில் ஓடவிட்டார்கள். உடல் வெப்பம் சுமார் 40.5 டிகிரியைத் தொட்டதும் அவை ஓட மறுத்தன. ஆகவே சூடுதான் காரணம் என்று முடிவாயிற்று.

அந்தச் சோதனையில் ஒரு குறை இருந்தது. ஓடுபொறியின் வேகம் உண்மையான வேட்டையின் வேகத்தை நெருங்கவே இல்லை. மேலும், அங்கே இரையும் இல்லை, எதிரியும் இல்லை.

40 ஆண்டுகளுக்குப் பிறகு, 2013இல், நமீபியாவில் ராபின் ஹெட்டெம் குழுவினர் உடலுக்குள் பொருத்திய உணர்கருவிகளால் சிவிங்கிப்புலிகளின் வெப்பத்தை உண்மையான வேட்டையின்போதே அளந்தார்கள். துரத்தலை நிறுத்திய நேரத்தில் உடல் வெப்பம் ஆபத்தான அளவை எட்டியிருக்கவில்லை. வெப்பம் உயர்ந்தது வேட்டை முடிந்த பிறகுதான். அதிலும், இரையைப் பிடித்த பிறகு உயர்ந்த அளவு, தோற்ற வேட்டைக்குப் பிறகு உயர்ந்ததைவிட அதிகம். ஓடியது என்னவோ ஒரே மாதிரிதான்! அப்படியானால் கூடுதல் சூடு எங்கிருந்து வந்தது?

ஆய்வாளர்கள் தரும் விளக்கம்: அச்சம். இரை கையில் இருக்கும்போதுதான் சிவிங்கிப்புலிக்கு ஆபத்து அதிகம். இரத்த வாடையை மோப்பம் பிடித்துச் சிங்கமோ கழுதைப்புலியோ எந்த நொடியிலும் வரலாம். ஒல்லியான உடலோடு அவற்றை எதிர்க்க முடியாது. இரையை விட்டு ஓட வேண்டியதுதான். அதனால் அது தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தபடியே அவசரமாக உண்கிறது. பதற்றத்தில் உடல் வெப்பம் உயர்கிறது.

சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுவதற்கும் இதுவே ஒரு முக்கியக் காரணம். சிங்கமும் கழுதைப்புலியும் நிழலில் படுத்திருக்கும் நேரத்தை அது பயன்படுத்திக்கொள்கிறது. அதன் கால அட்டவணையை வெயில் மட்டும் போடவில்லை. பயமும் சேர்ந்து போடுகிறது.

வண்டியில் இருக்கும் நாம்

இப்போது உங்களைச் சுற்றிப் பாருங்கள். சிவிங்கிப்புலியைக் கண்டதாக ஒரு வழிகாட்டி வானொலியில் சொல்லிவிட்டார். ஒன்று, மூன்று, எட்டு வண்டிகள் வந்துவிட்டன. அது கெசல் கூட்டத்தைக் கவனிக்கிறது. வண்டிகள் நடுவே நிற்கின்றன. அது இறங்கி நடக்கிறது; வண்டிகளும் நகர்கின்றன. சிங்கமும் கழுதைப்புலியும் இல்லாத நேரம் என்று அது தேர்ந்தெடுத்த வேளையில் நாம் வந்து நிற்கிறோம்.

இதனால் உண்மையில் பாதிப்பு உண்டா? செரெங்கெட்டிக்கு வடக்கே எல்லையைத் தாண்டினால் கென்யாவின் மசாய் மாரா. அங்கே ஃபெம்கே புரோக்ஹைஸ் என்ற ஆய்வாளர் தாய்ச் சிவிங்கிப்புலிகளைச் சில ஆண்டுகள் கண்காணித்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார். சுற்றுப்பயணிகள் குறைவாக வரும் பகுதிகளில், ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளைத் தனியாக வாழும் வயதுவரை வளர்த்தது. பயணிகள் அதிகமாகக் கூடும் பகுதிகளில் அந்தச் சராசரி 0.2 மட்டுமே.

இந்த எண்களை நிதானமாகப் படியுங்கள். வண்டி மோதிக் குட்டிகள் இறந்தன என்று ஆய்வு சொல்லவில்லை. வேட்டை கெடுவது, தாய் குட்டிகளைப் பிரிய நேர்வது, கூட்டத்தைக் கண்டு எதிரிகள் வருவது எனப் பல வழிகளில் பாதிப்பு சேரலாம். ஆனால் 2.3க்கும் 0.2க்கும் உள்ள இடைவெளியைச் சிறியது என்று யாரும் சொல்ல முடியாது. உலகில் காட்டில் எஞ்சியிருக்கும் சிவிங்கிப்புலிகள் சுமார் 7,000தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்படியானால் யாரும் சஃபாரி போகவே கூடாதா? அதுவும் எளிய விடை அல்ல. காட்டுக்காவலர் சம்பளம் முதல் சாலை பழுதுபார்ப்பு வரை, பூங்காவின் செலவில் பெரும்பகுதி பயணிகள் கட்டும் கட்டணத்திலிருந்துதான் வருகிறது. பயணிகள் வராவிட்டால் காவலும் குறையும். காவல் குறைந்தால் கள்ள வேட்டை பெருகும். எனவே கேள்வி, போகலாமா வேண்டாமா என்பது அல்ல. எப்படிப் பார்ப்பது என்பதுதான். மசாய் மாராவில் ஒரு விலங்கைச் சுற்றி 5 வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. செரொனெராவில் சாலையை விட்டுப் புல்லுக்குள் வண்டியை இறக்க அனுமதி இல்லை. விதியை மீறினால் நல்ல படம் கிடைக்கும் என்று ஓட்டுநரிடம் கெஞ்சுவதும் பயணிகள்தான். "வேண்டாம் அண்ணே, போய்விடலாம்" என்று சொல்லக்கூடியவர்களும் பயணிகள்தான்.

உங்கள் வண்டி எட்டாவது வண்டி. வழிகாட்டி திரும்பிப் பார்க்கிறார். என்ன சொல்வீர்கள்?

மாலை 6.30 மணி: இரவுக்காரர்களின் முறை

வண்டி முகாமுக்குத் திரும்புகிறது. பூங்காவில் இருட்டிய பிறகு வண்டியில் சுற்றப் பொதுவாக அனுமதி இல்லை. வழியில் ரெட்டினா குளத்தில் நீர்யானைகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. பகல் முழுவதும் அவை தண்ணீரை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. நீர்யானையின் தோல் வறண்ட காற்றில் வேகமாக நீரை இழக்கும். அது சுரக்கும் சிவந்த திரவத்தைப் பழங்காலத்தில் இரத்த வியர்வை என்றார்கள். அது இரத்தமும் அல்ல, வியர்வையும் அல்ல. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், கிருமிகளையும் கட்டுப்படுத்தும் நிறமிகள் அதில் இருப்பதை 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இருட்டியதும் நீர்யானைகள் கரையேறிப் புல் மேயச் செல்லும். பாறைக் குன்றில் சிங்கங்கள் சோம்பல் முறித்து எழும். கழுகுகள் மரத்திற்குத் திரும்பிவிட்டன. தரை தன் வெப்பத்தை மீண்டும் வானத்திற்குக் கொடுக்கத் தொடங்குகிறது.

காலையில் கழுதைப்புலியைப் பற்றி ஒன்றைச் சொன்னோம்: எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பது நாம் எடுக்கும் முடிவை மாற்றும். மாலையில் சிவிங்கிப்புலி அதோடு இன்னொன்றையும் சேர்த்தது: நாம் பார்ப்பதே, பார்க்கப்படும் விலங்கின் வாழ்க்கையை மாற்றலாம். இது ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. திரெங்கானு கடற்கரையில் முட்டையிட வரும் ஆமையின் முகத்தில் கைவிளக்கை அடிக்கும்போதும், கோலசிலாங்கூர் மின்மினிகளை நோக்கிக் கைப்பேசி விளக்கைத் தட்டும்போதும் இதே பாடம் பொருந்தும்.

செய்து பாருங்கள்

தேவையானவை: வெப்பமானி, ஒரு குவளை, ஓர் அகன்ற தட்டு, குழாயிலிருந்து வரும் சுடுநீர் (கொதிநீர் வேண்டாம்).

1. குவளையிலும் தட்டிலும் தலா 200 மில்லிலிட்டர் சுடுநீர் ஊற்றுங்கள்.
2. 2 நிமிடத்திற்கு ஒரு முறை, 10 நிமிடங்களுக்கு இரண்டின் வெப்பநிலையையும் குறித்து வரைபடம் போடுங்கள்.
3. மீண்டும் செய்யுங்கள். இந்த முறை தட்டின் மேல் விசிறியால் வீசுங்கள்.

எது விரைவாகக் குளிர்ந்தது? தட்டை யானையின் எந்த உறுப்போடு ஒப்பிடுவீர்கள்? விசிறியை எதனோடு ஒப்பிடுவீர்கள்?

சிந்தியுங்கள்

1. 2 சென்டிமீட்டர் பக்கம் கொண்ட கனசதுரத்தின் மேற்பரப்பு–கன அளவு விகிதம் என்ன? 1 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டர் கனசதுரங்களோடு ஒப்பிடுங்கள்.
2. 1973 சோதனைக்கும் 2013 ஆய்வுக்கும் இடையே மாறிய சூழல்கள் எவை? முதல் சோதனையில் அளந்த எண் தவறா, அல்லது அதிலிருந்து எடுத்த முடிவு தவறா?
3. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வியர்வை ஏன் எளிதில் காய்வதில்லை? வறண்ட செரெங்கெட்டியில் அது ஏன் விரைவில் காய்கிறது?
4. நீங்கள் பூங்காவின் காவல் அதிகாரி என்று வைத்துக்கொள்வோம். பயணிகளின் வருமானமும் குறையக் கூடாது, குட்டிகளும் பிழைக்க வேண்டும். எந்த 2 விதிகளைக் கொண்டுவருவீர்கள்? அவை பலன் தருகின்றனவா என்பதை எதை அளந்து அறிவீர்கள்?